அக்கம்பக்கத்து மதிப்பெண்

ஆய்வாளர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கீழ்த்தளத்து வீட்டில் அவசரக் கூட்டம் ஒன்று கூடியது. தலைமை தாங்கியவர் எதிர்வீட்டுக் கண்டக்டர். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. நாலு பேர் ஒரே இடத்தில் நின்றால் அவர்களை உள்ளே தள்ளிப் போகச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

"வாசல்ல நிக்காதீங்க. உள்ள எடமிருக்கு, உள்ள வாங்க" என்றார்.

உள்ளே வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் முதல் மாடி டெய்லரம்மா. இன்னொருவர் அதற்கும் மேலே குடியிருக்கும் பாட்டு வாத்தியார். பார்வையில்லாதவர், வாய்த்துடுக்கு நிரம்ப உள்ளவர். இவர்களைத் தவிர, நடுவில் சக்கர நாற்காலியில் வீட்டுக்காரி. வீட்டுக்காரி என்று இப்போதைக்குச் சொல்லலாம். நாளைக்குப் பிறகும் அப்படிச் சொல்லலாமா என்பதற்குத்தான் இந்தக் கூட்டம்.

விஷயம் இதுதான். மாற்றுத்திறனாளிகள் தங்களுக்குத் தோதான வீட்டில், அக்கம்பக்கத்தாரின் துணையோடு தனியாக வாழ முடியுமா என்று ஒரு குழு ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. அதற்காக இந்தக் கட்டடத்தில் சில வீடுகளை எடுத்துச் செப்பனிட்டிருந்தார்கள். கீழ்த்தளத்து வீட்டில் கதவுகளை அகலமாக்கி, வாசற்படியைச் சரிவாக்கி, அடுப்பு மேடை, சுவிட்சு, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாவற்றையும் உட்கார்ந்திருப்பவரின் கைக்கும் கண்ணுக்கும் எட்டும்படி தாழ்த்தி வைத்திருந்தார்கள். அவளைச் சோதனைக்காகக் குடிவைத்தார்கள். சோதனைக் காலம் முடியும்போது ஆய்வாளர் ஒருவர் வந்து ஒரு பகல் முழுக்கக் கூடவே இருந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தியானால் வீடு அவளுக்கே. இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பழையபடி அண்ணன் வீடு.

அண்ணன் கெட்டவனில்லை. அதுதான் சிக்கலே. கெட்டவனாக இருந்தால் நன்றாகச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம். அண்ணன் வீட்டில் அவளுடைய கட்டில் கூடத்தில் இருந்தது, டிவிக்குப் பக்கத்தில். கூடத்துக்குக் கதவு கிடையாது. எப்போதும் ஒரு கண் தங்கையின் மேல் இருக்க வேண்டும் என்பதற்காக அண்ணன் செய்த ஏற்பாடு அது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அவள் தலையைத் தடவிவிட்டுத்தான் போவார்கள். அண்ணன் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். பாப்பாவுக்கு முப்பது தாண்டி, இரண்டு பல்லுக்குச் சிமென்டும் அடைத்தாகிவிட்டது. ஒரு குளிர்சாதனப் பெட்டிக் கம்பெனியின் புகார் எண்ணுக்கு வரும் அழைப்புகளை வீட்டிலிருந்தபடியே எடுத்துப் பேசி, மாதச் சம்பளம் வாங்குகிற பாப்பா.

"எப்படி மார்க் போடுவாங்கன்னு வாத்தியார்தான் சொல்லணும். அவர்தான் அனுபவஸ்தர்" என்றார் கண்டக்டர்.

பாட்டு வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இதே ஆய்வில் இரண்டாம் தடவை தேறித்தான் அவருக்கு மாடி வீடு கிடைத்திருந்தது.

"ரெண்டு பகுதி. நம்ம வேலைய நாமளே செய்யறோமான்னு ஒண்ணு. அக்கம்பக்கத்துல ஆதரவு இருக்கான்னு இன்னொண்ணு."

"நல்லதுதானே" என்றார் டெய்லரம்மா.

"என்ன நல்லது? ஆதரவு குடுத்தா நாமளே செய்யலைன்னு ஆயிடும். நாமளே செஞ்சா ஆதரவு இல்லைன்னு ஆயிடும். எனக்கு மொத தடவ என்னாச்சு? நான் பாட்டுக்கு தெருவோரத்துல நின்னு ஒரு ராகத்த நெனச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு புண்ணியவான் வந்து ஆளுக்கொரு கையப் புடிச்சு ரோட்டத் தாண்டி விட்டுட்டாங்க. நான் அந்தப் பக்கம் போறதாவே இல்ல. திரும்பி வரலாம்னு நின்னா, அந்தப் பக்கத்துலயும் ரெண்டு புண்ணியவான். அன்னிக்குப் பூரா இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்ட்டு வந்துக்கிட்டே இருந்தேன். ஆதரவுல முழு மார்க். சுயமா வாழ்றதுல முட்டை."

டெய்லரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வீட்டுக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப உதவியும் செய்யணும், செய்யவும் கூடாது" என்றாள்.

"ஒரு வழி இருக்கு" என்றார் கண்டக்டர். நெருக்கடியில் அவருக்கு எப்போதும் ஒரு வழி இருக்கும். பெரும்பாலும் அது ஒருவழிப் பாதையாக இருக்கும், எதிரில் வண்டியும் வரும். "நாம அவளுக்கு உதவக்கூடாது. அவ நமக்கு உதவட்டும். ஆளாளுக்கு ஒரு கஷ்டத்தோட வருவோம். அவ தீத்து வைப்பா. அக்கம்பக்கத்துப் பழக்கமும் தெரிஞ்ச மாதிரி ஆச்சு, அவ சொந்தக் கால்ல…" என்று ஆரம்பித்தவர், டெய்லரம்மா முறைத்ததும், "சொந்தச் சக்கரத்துல நிக்கிற மாதிரியும் ஆச்சு" என்று முடித்தார்.

"நிஜமான கஷ்டமா இருக்கணுமா?" என்று கேட்டார் டெய்லரம்மா.

"நிஜமான கஷ்டத்துக்கு எங்கம்மா போறது, விடிஞ்சா வந்துடுவாரு. கையில இருக்கறத வெச்சுத்தான் ஓட்டணும்."

அவளுக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் வேறு எது சரி என்றும் சொல்லத் தெரியவில்லை. நாள் முழுக்க அடுத்தவர் புகாருக்கெல்லாம் வழி சொல்கிற வாய்க்குத் தன் விஷயத்தில் பூட்டு விழுந்துவிட்டது. தலையை ஆட்டி வைத்தாள்.

மறுநாள் காலை ஆய்வாளர் வந்தார். இளைஞர். மெலிந்த உடம்பு, தடித்த மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு டேப்லட். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சரிவான படியில் ஒரு தரம் ஏறி ஒரு தரம் இறங்கிப் பார்த்து, ஏதோ குறித்துக்கொண்டார்.

"மேடம், ஒரே ஒரு வேண்டுகோள். நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்குங்க. நீங்க எப்பவும் இருக்கற மாதிரி இருங்க. நான் எதுலயும் தலையிட மாட்டேன். அது எங்க விதி."

"சரிங்க" என்றாள். "உக்காருங்க."

உட்கார இடம் தேடினார். அந்த வீட்டில் நாற்காலி இல்லை. இருந்த ஒரே நாற்காலியில் அவள் இருந்தாள். கட்டிலில் உட்காருவது மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கூடத்து மூலையில் இருந்த தண்ணீர் டிரம்மின் மேல் போய் உட்கார்ந்தார். டிரம்மின் மூடி ஒரு பக்கமாக அமுங்கிச் சத்தம் போட்டது. இல்லாத மனிதர் அதற்காக மன்னிப்புக் கேட்டார்.

அவள் எப்போதும் போல் இருக்கப் பார்த்தாள். பால் காய்ச்சினாள். அடுப்பு மேடைக்கும் ஜன்னலுக்கும் இடையே வண்டியை ஒரே தள்ளில் திருப்பினாள். அவளுக்கே பிடித்தமான திருப்பம் அது. ஆனால் இன்றைக்குப் பின்னாலிருந்து ஒருவர் பார்க்கிறார் என்றதும் சக்கரம் மேடையில் போய் இடித்தது. முட்டையை வேகவைத்தாள். துணிகளைத் தாழ்வான கொடியில் உலர்த்தினாள். ஆய்வாளர் எழுந்து குளியலறைப் பக்கம் போய்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க முயன்றார். அதில் அவர் சட்டைப் பொத்தான்கள்தான் தெரிந்தன. ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டார்.

அப்போது வாசலில் டெய்லரம்மாவின் குரல் கேட்டது.

"அம்மா, இந்த ஊசியில கொஞ்சம் நூல் கோத்துத் தர்றியா? கையே வரமாட்டேங்குது."

டெய்லரம்மாவின் கழுத்தில் அளவுநாடா தொங்கியது. காதுக்கு மேல் சுண்ணக்கட்டி செருகியிருந்தது. ரவிக்கையில் வரிசையாக ஏழெட்டு ஊசிகள் குத்தியிருந்தன, ஒவ்வொன்றிலும் நூல் கோத்திருந்தது. ஆய்வாளர் அந்த ஊசிகளைப் பார்த்தார். டெய்லரம்மாவும் குனிந்து பார்த்தார்.

"இதெல்லாம் நேத்து கோத்தது" என்றார்.

அவள் நூலைக் கோத்துக் கொடுத்தாள். பதற்றத்தில் நாலு தரம் குறி தப்பியது. பொறுக்க மாட்டாமல் டெய்லரம்மாவின் விரல்கள் தானாக நீண்டுவந்தன. நல்லவேளையாக நூல் ஐந்தாவது தரம் உள்ளே போய்விட்டது. "நீ இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன்" என்று டெய்லரம்மா நாடகக் குரலில் சொல்லிவிட்டு வெளியேறினார்.

அடுத்து கண்டக்டர். நேராக வந்து நெஞ்சில் கைவைத்து நின்றார்.

"ஏம்மா, இங்கேர்ந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் போகும்?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கு எப்படித் தெரியும்? எது போகும் என்று இதே மனிதரிடம்தானே போன வாரம் அவள் கேட்டாள்? வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவைத்தாள்.

கண்டக்டரின் முகம் மாறியது. அடக்கிக்கொள்ளத்தான் பார்த்தார், முப்பது வருஷப் பழக்கம் விடவில்லை.

"அது எப்படிம்மா அங்க போகும்? அது சந்தைக்கிட்டயே திரும்பிடுமே. நீ மார்க்கெட் ஸ்டாப்ல எறங்கி, எதிர்ப்பக்கம் போயி, பச்ச போர்டு போட்டது வரும் பாரு, அதுல ஏறி, ரெண்டாவது ஸ்டேஜ்ல…" என்று ஆரம்பித்து, நின்ற நிறுத்தங்கள் நிற்காத நிறுத்தங்கள் எல்லாவற்றையும் சொல்லி, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டபிறகுதான் தான் எதற்காக வந்தோம் என்பது நினைவுக்கு வந்தது.

"அப்படின்னு நீ சொல்ற" என்று மெல்லச் சொன்னார். "ரொம்ப உபகாரம்மா."

டிரம்மின் மேலிருந்து விரல் தட்டும் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

மூன்றாவதாக வாத்தியார் வந்தபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டிருந்தது.

"இந்தச் சட்டையும் பேன்ட்டும் பொருந்துதான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா. ஒரு கல்யாணத்துல பாடணும்."

"போதும் வாத்தியாரே" என்று கிசுகிசுத்தாள். "உங்க நடிப்பு வேற எதுக்கு? போய்ட்டு வாங்க."

"நடிப்பில்லம்மா, நிஜமாவே…"

"நல்லாத்தான் இருக்கு. போங்க."

வாத்தியார் போனார். நீலமும் பச்சையுமாக ஒரு கோடு போட்ட சட்டையும், அதற்குச் சற்றும் சம்பந்தமில்லாத சிவப்புக் கால்சட்டையுமாக அவர் படியிறங்குவதை அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். தலையில் அடித்துக்கொள்ளக் கை எழுந்தது. ஆய்வாளர் பார்ப்பாரே என்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

ஜன்னலைத் திறந்து கூப்பிடலாம் என்று நினைப்பதற்குள் வாசலில் இன்னொரு நிழல் விழுந்தது. அண்ணன். ஒரு கையில் டிபன் கேரியர், இன்னொரு கையில் பிளாஸ்க், கக்கத்தில் ஒரு போர்வை. போர்வை எதற்கு என்று யாருக்கும் தெரியாது. தங்கையைப் பார்க்க வரும்போதெல்லாம் அவனுக்கு அவள் எங்கோ குளிரில் கிடப்பதாகவே தோன்றும்.

"பாப்பா, சாப்டியா?"

"இன்னிக்கு வராதேன்னு சொன்னேன்ல."

"இன்னிக்குத்தான் வரணும். பரிச்சையும் அதுவுமா வயிறு காஞ்சு கெடப்ப." கேரியரை அடுப்பு மேடையில் வைக்கக் குனிந்து, மேடை தான் நினைத்ததைவிடத் தாழ்வாக இருக்கவே, இன்னும் குனிந்தான். நிமிர்ந்தபோது டிரம்மின் மேல் ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டான். "இது யாரு?"

"நான் இல்லைங்க" என்றார் ஆய்வாளர்.

அண்ணன் அதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கையில் டெய்லரம்மா மறுபடியும் வந்துவிட்டார். கையில் இன்னொரு ஊசி. பின்னாலேயே, முதல் தடவை சொதப்பிவிட்டோம் என்ற உறுத்தலோடு கண்டக்டர், கையில் திறக்க முடியாத ஊறுகாய்ப் பாட்டிலோடு.

"இதத் தொறந்து குடும்மா. ஒடம்புல தெம்பே இல்ல."

அண்ணனுக்கு முகம் சிவந்தது.

"என்னங்க நடக்குது இங்க? ஒடம்புக்கு முடியாத பொண்ணுகிட்ட ஊசியும் பாட்டிலும் நீட்டிக்கிட்டு நிக்கிறீங்க. இதுதான் உங்க அக்கம்பக்கத்து ஆதரவா? அவள வேலைக்காரி ஆக்கிட்டீங்களே."

"அண்ணா, சும்மா இரு."

"நீ சும்மா இரு பாப்பா. நான் பேசிக்கறேன்."

கண்டக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரப் பாத்து என்ன சொல்றீங்க? நாங்க எவ்ளோ செய்வோம்னு தெரியுமா? செய்யக்கூடாதுன்னுதான் செய்யாம இருக்கோம்." ஆய்வாளர் பக்கம் திரும்பி, "எழுதிக்குங்க சார்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்வது கஷ்டம். நேற்றைய திட்டம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மறந்துபோனது. கண்டக்டர் கத்தியை எடுத்து வெங்காயம் நறுக்கத் தொடங்கினார். டெய்லரம்மா, உலர்த்தியிருந்த துணிகளை எடுத்து மறுபடியும் துவைக்கப் போனார். சத்தம் கேட்டுத் தெருவிலிருந்து திரும்பி வந்த வாத்தியார், என்ன ஏது என்று கேட்காமலே துடைப்பத்தைத் தேடிப் பிடித்துப் பெருக்கினார். பெருக்கிய குப்பையைத் தண்ணீர் டிரம்முக்கு அடியில் தள்ளப் பார்த்ததில் ஆய்வாளரின் கால் இரண்டும் மேலே போயின. விதிப்படி அவர் தலையிடவில்லை. காலை மட்டும் தூக்கிக்கொண்டார். அண்ணன் போர்வையை உதறித் தங்கையின் மடியில் போர்த்தினான். வெளியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"ஐயோ" என்று ஒரு குரல். கண்டக்டர்தான். அவளுக்குத் தோதான உயரத்தில் இருந்த மேடையில் குனிந்து நறுக்கிய மனிதருக்கு நிமிர முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது.

"அப்படியே இருங்க" என்றாள் அவள். "நான் புடிக்கிறேன்."

"நீ எதுக்குப் புடிக்கணும்? நீ களைச்சுப் போயிருக்க. வா, கொஞ்சம் படுத்துக்க" என்ற அண்ணன், பின்னாலிருந்து அவள் அக்குளுக்குக் கீழே கைகொடுத்து, எப்போதும் தூக்குகிற மாதிரி, அவளைத் தூக்கினான்.

கேட்காமல் தூக்குவது அவனுக்குப் பழக்கம். பேசிக்கொண்டிருக்கும்போது தூக்குவான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தூக்குவான். ஒரு தரம் அவள் ஃபோனில் ஒரு வாடிக்கையாளரிடம் "தயவுசெய்து இணைப்பில் இருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது தூக்கியதில் இணைப்பே அறுந்துவிட்டது.

அவள் இரண்டு கையாலும் சக்கரங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் தூக்கினான். நாற்காலியும் கூட வந்தது.

"எறக்கு" என்றாள்.

அவள் கத்தவில்லை. அலுவலகக் குரலில் சொன்னாள். எத்தனையோ கோபக்கார வாடிக்கையாளர்களை அடக்கிய குரல் அது. அதற்கு ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. அண்ணன் இறக்கினான். துடைப்பம் நின்றது. குழாய் நின்றது.

"உங்க எல்லாருடைய அக்கறைக்கும் ரொம்ப நன்றி" என்றாள் அதே குரலில். "இப்ப எல்லாரும் வெளியில போறீங்க."

"நான் மட்டும்…" என்றான் அண்ணன்.

"எல்லாரும்."

டெய்லரம்மா ஈரக் கையோடு போனார். வாத்தியார் துடைப்பத்தோடு போனார். கண்டக்டர் குனிந்தபடியே போனார். அண்ணன் போர்வையை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். ஆய்வாளர் டிரம்மின் மேலேயே இருந்தார்.

"எல்லாரும்னா எல்லாருந்தான்" என்றாள்.

அவர் எழுந்து, செருப்பைக் காலில் மாட்டப் பொறுமையில்லாமல் கையில் எடுத்துக்கொண்டு, போனார். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

உள்ளே வந்து அமைதி உட்கார்ந்தது. என்ன செய்துவிட்டோம் என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தாள். ஆதரவு தரவேண்டிய அக்கம்பக்கத்தை மொத்தமாக மூட்டை கட்டி வெளியே தள்ளியாயிற்று. மார்க் போடவேண்டியவரையும் சேர்த்துத் தள்ளியாயிற்று. வாத்தியாருக்காவது ஒரு பகுதியில் முழு மார்க் கிடைத்தது. இவளுக்கு இரண்டிலும் முட்டை. அண்ணன் வீட்டுக் கூடத்துக்கட்டில் கண்முன்னால் வந்து நின்றது. அங்கே டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

சரி, போகிற வீடுதானே, போகுமுன் ஒரு டீயாவது நிம்மதியாகக் குடிப்போம் என்று தண்ணீரை அடுப்பில் வைத்தாள். இவ்வளவு நாளில் அவளுக்கு இந்த வீட்டில் ரொம்பவும் பிடித்திருந்தது அகலமான கதவோ தாழ்வான மேடையோ அல்ல, கதவைச் சாத்தினால் அது சாத்தியே இருக்கும் என்பதுதான். இதை எந்தப் பகுதியில் சேர்த்துச் சொல்வது என்று தெரியாமல் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வெளியே பேச்சுக் குரல் கேட்டது. கதவை நோக்கிச் சக்கரங்களை மெல்ல உருட்டினாள்.

"ஒடைச்சுட வேண்டியதுதான்" என்றது அண்ணன் குரல். "தள்ளுங்க. உள்ள தனியா இருக்கா."

"ஏங்க, தனியா இருக்கத்தானே கதவச் சாத்தியிருக்கா?" டெய்லரம்மா.

"உங்களுக்குத் தெரியாது. விழுந்துட்டா?"

"விழுந்தா கூப்புடுவா."

"நீங்க பாட்டுக்கு ஈஸியா சொல்றீங்க."

"ஈஸியா சொல்லல. போன மாசம் விழுந்தா. கூப்புட்டா. வந்தோம்."

அவளுக்குப் பக்கென்றது. இந்த விஷயம் அண்ணன் காதுக்குப் போகவே கூடாது என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"விழுந்தாளா?" அண்ணனின் குரல் இறங்கியிருந்தது.

"குளிக்கிற ரூம்ல" என்றார் டெய்லரம்மா. "ஃபோன் அடிச்சா. நானும் கண்டக்டரும் ஓடினோம். இவரு அப்படியே அள்ளப் பாத்தாரு. 'கைய வைக்காதீங்க, நான் சொல்றபடி செய்ங்க'ன்னா. வண்டிய எங்க நிறுத்தணும், யாரு எந்தப் பக்கம் புடிக்கணும், எல்லாம் தரையில கெடந்துக்கிட்டே சொன்னா. நாங்க புடிச்சோம், அவ ஏறிக்கிட்டா. அப்புறம் போய்ட்டு வாங்கன்னுட்டா. போய்ட்டோம்."

"டீ கூடக் குடுக்கல" என்றார் கண்டக்டர், தரைக்குச் சமீபத்திலிருந்து.

"என்கிட்ட சொல்லவேயில்ல" என்றான் அண்ணன்.

"சொல்லியிருந்தா அன்னிக்கே தூக்கிட்டுப் போயிருப்பீங்க" என்றார் வாத்தியார்.

யாரோ படியில் தொப்பென்று உட்காரும் சத்தம் கேட்டது. அண்ணனாகத்தான் இருக்கும். அவனுக்குத் துக்கம் வந்தால் நிற்க முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவளுக்குக் கதவைத் திறந்துவிடலாம் போலிருந்தது. தாழ்ப்பாள் மேல் கை போயிற்று. ஆனால் திறந்தால் அவன் அழுவான், அழுதால் தூக்குவான். கையை எடுத்துக்கொண்டாள்.

"ஒரு கேள்வி" என்றது ஆய்வாளர் குரல், தயக்கத்தோடு. "இந்த வீட்டுக்கு வேற சாவி யார்கிட்டயாவது இருக்கா?"

"என்கிட்ட இருக்கு" என்றார் டெய்லரம்மா. "அவதான் குடுத்தா. ஆனா உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்காளே."

"தாழ்ப்பாள் போடாம, சும்மா சாத்தியிருந்தா தொறந்துட்டுப் போவீங்களா?"

"எதுக்கு?"

"இல்ல, என்ன பண்றாங்கன்னு பாக்க."

"உங்க வீட்டுக் கதவ நான் அப்படித் தொறந்து பாத்தா நீங்க என்ன சொல்வீங்க?"

ஆய்வாளர் யாருக்கோ ஃபோன் செய்தார். ஒரு பக்கப் பேச்சுத்தான் உள்ளே கேட்டது. "ஆமா மேடம், வெளியில நிக்கிறேன்… இல்ல, அவங்கதான் அனுப்பிட்டாங்க… ஆமா, எல்லாரையும்… யாரும் போகல மேடம், இங்கதான் நிக்கிறாங்க… இல்ல, யாரும் தட்டலை. தட்டவிடவும் மாட்டேங்கறாங்க… அண்ணன் ஒடைக்கப் பாத்தாரு, அவர உக்கார வெச்சிருக்காங்க… கூப்பிட்டா போவாங்க, கூப்பிடலைன்னா போக மாட்டாங்க. அதான் மேடம், இதுல எதைச் சுயமா வாழறதுல போடறது, எதை ஆதரவுல போடறதுன்னு எனக்குத் தெரியல… ரெண்டுலயுமா? ரெண்டுலயும் போடலாமா?… சரி மேடம். சரி. போட்டுடறேன்."

அவள் கதவை இன்னும் நெருங்கினாள்.

கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. உடனே கண்டக்டரின் அதட்டல்: "சார், தட்டக்கூடாதுன்னு இப்பதானே சொன்னோம்?"

"அவசரம்ங்க. மேடம், என் டேப்லட் உள்ள மாட்டிக்கிச்சு. டிரம்மு மேல இருக்கு. அது இல்லாம மார்க் போட முடியாது."

"நீங்கதான் இங்க இல்லையே" என்றாள் அவள் உள்ளிருந்து.

வெளியே வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். கண்டக்டரும் சிரித்தார், சிரித்த வேகத்தில் இடுப்பில் ஏதோ சடக்கென்று விடுபட்டு, நிமிர்ந்துவிட்டார் என்று டெய்லரம்மா அறிவித்தார்.

"மேடம்" என்றார் ஆய்வாளர், கதவுக்கு மிக அருகில் வந்து. "வீடு உங்களுக்குத்தான்னு போடச் சொல்லிட்டாங்க. எங்க மேடமே சொல்லிட்டாங்க. அதுக்காவது அந்த டேப்லட்டக் குடுங்க."

அவள் கொதித்த தண்ணீரில் டீத்தூளைப் போட்டாள். அடுப்பை அணைத்தாள். மேடையைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஒரே தள்ளில் திருப்பினாள். இந்தத் தடவை எங்கும் இடிக்கவில்லை. டேப்லட்டை எடுத்துக்கொண்டு வந்து, கதவைக் கை நுழையும் அளவுக்குத் திறந்து, நீட்டினாள். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. அந்த இடுக்கு வழியே அண்ணனின் முகம் கொஞ்சம் தெரிந்தது. போர்வையைத் தானே போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான்.

"பாப்பா" என்றான். பிறகு என்ன நினைத்தானோ, அதை அழித்துவிட்டு அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவன் வாயில் அந்தப் பெயர் பழக்கமில்லாத செருப்பு மாதிரி தடுக்கியது. "நான் உள்ள வரலாமா?"

"டீ போட்டிருக்கேன். குடிச்சுட்டுக் கூப்புடறேன்."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"சூடா இருக்கு. ஆகும்."

"சரி" என்றான் அண்ணன். முதன்முதலாக.

அவள் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலோரம் போய் டீயைக் கையில் எடுத்தாள். சர்க்கரை போட மறந்திருந்தது. எழுந்துவந்து போட்டுத்தர ஆளில்லை என்பது இனிப்பாகத்தான் இருந்தது. வெளியிலிருந்து கண்டக்டரின் குரல், பழைய தெம்போடு, வீடு முழுக்கக் கேட்டது.

"வரிசையா நில்லுங்க, வரிசையா. இடிக்காதீங்க. நீங்க என்ன சார், அண்ணன்னா மொதல்ல போயிடலாமா? வாத்தியாருக்குச் சட்டை பாக்கணும், அவருக்குக் கல்யாணத்துக்கு நேரமாகுது. அதுக்கப்புறம் இந்தம்மா, துவைச்ச துணி உள்ள இருக்கு. அப்புறம் நான். நீங்க எனக்குப் பின்னால."